பொழுதுக்குள் வேகாத பன்

செஞ்சிக்குச் சமண வீட்டு மருமகளாக வந்த நாளிலிருந்து, பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் சாப்பிட வைத்துவிடுவது ஜெயமாலாவின் பொறுப்பு. இருட்டிவிட்டால் அந்த வீட்டில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். ஒரு நாளும் தவறியதில்லை. அன்று தவறிவிடும் போலிருந்தது.

முட்டை கலந்திருக்குமோ என்று கடைப் பன்னை அவர்கள் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுச் சிநேகிதி விமலாதான் முட்டை சேர்க்காத பன்னுக்குப் பக்குவம் சொல்லியிருந்தாள். அதை நம்பி ஜெயமாலா உலைகூட வைக்கவில்லை. பாழாய்ப்போன மாவோ உப்புவேனா என்றது. மூடிய துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சூரியன் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

“சோறாவது ஆக்கியிருக்கலாம்,” என்றார் கணவர் நேமிகுமார்.

“சும்மா இருங்க, எனக்கே டென்ஷனா இருக்குது!”

ஓவனைத் திறந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வீடெல்லாம் வாசனை, தின்னத்தான் ஆளில்லை. வாசனை பிடித்து விமலா வந்தாள். ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டாள். பட்டினி கிடந்த வீடே அவள் வாயைப் பார்த்தது.

“இன்னாடி, சொல்லேன்!”

விமலா இரண்டாவது பன்னை எடுத்தாள். நேமிகுமார் எழுந்து வந்து, மிச்சத்தை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.