பெயர் அழிக்கும் உத்தியோகம்

துண்டுப்பிரசுரம் எழுதி அடி வாங்கியவனுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்கும் சக தொழிலாளிகளே, ரொறன்ரோவில் ஸ்பானிய, போர்த்துக்கேய இலக்கியங்களுக்கான ஓர் ஆய்விதழில், வருகிற கட்டுரைகளிலிருந்து எழுதியவரின் பெயரை அழிப்பதுதான் என் வேலை.

ஏன் அழிக்கிறோம்

கட்டுரையை வெளியூர், உள்ளூர்ப் பேராசிரியர்கள் இருவருக்கு அனுப்புவோம். எழுதியது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்வது யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இதில் நான் பழைய கை. ஊரில் நாங்கள் விட்ட துண்டுப்பிரசுரங்களில் ஒருநாளும் எழுதியவர் பெயர் இருந்ததில்லை என்று, என்னோடு வேலை செய்யும் சாந்தியிடம் பெருமையாகச் சொன்னேன். ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில் அவள் சொன்னாள்:

"சும்மா இருங்கோ அண்ணை. உங்கட மாதிரி ஒரு வசனம் முற்றுப்புள்ளியில்லாமல் ஒரு பக்கத்துக்குப் போனா அது ஆர் எழுதினதெண்டு ஊருக்கே தெரியும்."

முக்கியமான நூல்கள்

லூசியா, இந்த நகரில் ஒப்பந்தத்தில் படிப்பிக்கும் பிரேசில்காரி. எங்கள் இதழில் கட்டுரை வந்தால்தான் ஒப்பந்தம் நீளும். கிழமைக்கொரு தரம் கதவடியில் வந்து நின்று, ஏதும் தெரிந்ததா என்று கேட்பாள். முதல் பேராசிரியர் போடலாம் என்றார். இரண்டாமவர் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. திறந்தபோது, துறையின் முக்கியமான நூல்களை இவர் படிக்கவில்லை, அவற்றை மேற்கோள் காட்டினால் மட்டுமே போடலாம் என்றார். அவர் சொன்ன முக்கியமான நூல்கள் அத்தனையும் அவரே எழுதியவை.

இதழாசிரியர் தெரேசாவின் மேசைக்குப் போய், கண்டன அறிக்கை விடுவோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருடைய பெயர் இரகசியம். கண்டனத்தை யாருக்கு அனுப்புவீர்கள்?"

வெளியீட்டு மாலை

நான் எழுதிக் கொடுத்த கண்டனத்தை லூசியா மரியாதையாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு உட்கார்ந்து அந்த நூல்களையெல்லாம் அடிக்குறிப்பில் சேர்த்தாள். கட்டுரை வந்தது. ஒப்பந்தமும் நீண்டது.

இதழ் வெளியீட்டுக்கு அந்த இரண்டாமவரே வந்தார். ஒரு கையில் வைன், மறுகையில் இதழ். கட்டுரையைத் தொடாமல் நேரே அடிக்குறிப்புகளுக்குப் போய், மெதுவாக, ருசித்து வாசித்தார். பிறகு லூசியாவிடம், இந்தக் காலத்தில் இவ்வளவு தேடிப் படிக்கிறவர்கள் அபூர்வம் என்று மனமாரப் பாராட்டினார். நான் முஷ்டியை மடக்கினேன். லூசியா சிரித்தபடியே சொன்னாள்:

"எல்லாம் முகம் தெரியாத ஒரு நல்லவர் காட்டிய வழி, பேராசிரியர்."

பெயரை மறைத்தும் அடி வாங்கியவன் நான். பெயரை மறைத்து மாலை வாங்குவது எப்படியென்று இந்த உத்தியோகத்தில்தான் பார்த்தேன்.