சேமக்காலையில் ஹெயிட்டி ஆட்டம்

சேமக்காலையில் ஆடின பிள்ளை என்றால் கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் சிலருக்கு என்னைத் தெரியும். பல்கலைக்கழகம் போனேன், பட்டம் வாங்கினேன், ஒரு கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்தும்விட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. போன மாதம் மீன் வாங்கப் போன இடத்தில் ஓர் அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர்தானே அண்டைக்குச் சேமக்காலையில ஆடினது?" என்று கேட்டார். ஓம் அன்ரி, நானேதான். எட்டு வயதில், மரித்தோர் தினத்தன்று, ஃபாதர் தீர்த்தத்தோடு கல்லறை கல்லறையாக வந்துகொண்டிருக்க, எங்கள் அம்மப்பாவின் கல்லறைக்கு முன்னால் முழங்காலை மடக்கி முதுகை நெளித்து ஆடினேன். அது ஹெயிட்டி நாட்டு ஆட்டம்.

ஹெயிட்டி எங்கே இருக்கிறது என்று அப்போது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா, ஆபிரிக்கா என்று அடித்துச் சொன்னார். அம்மாவோ, கிரிக்கெட் விளையாடுகிற தீவுகளுக்குக் கிட்டவாக இருக்கும் என்றார். அம்மா சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தும் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த கப்பல் என்ஜினியர் ஒருவர் அந்த நாட்டுப் பெண்ணைக் கலியாணம் கட்டி, இங்கே கூட்டிக்கொண்டு வந்து, மாடிவீடு ஒன்றில் குடிவைத்துவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டார். தனியே எத்தனை நாளைக்குத்தான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது? அந்தப் பெண் கன்னியர்மடத்துச் சிஸ்டரிடம் போய், சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தன் நாட்டு ஆட்டமும் பாட்டும் பழக்கட்டுமா என்று கேட்டார். இலவசம் என்றதும் எங்கள் தாய்மாருக்கு ஹெயிட்டி எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

முதல் வகுப்பிலேயே அந்தத் தாய்மார் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளவத்தையில் பரதநாட்டியம் பழகிய என் பெரியம்மாவின் மகள் நிமிர்ந்து நிற்கப் படித்தாள். நாங்கள் குனியப் படித்தோம். முழங்கால் மடங்க வேண்டும், முதுகு இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் அலையாக எழும்பி விழ வேண்டும். கலியாண வீடுகளில் பைலா வாசிக்கிற ஒரு குழுவிடம் மேளத்தை இரவல் வாங்கி வைத்திருந்தார் டீச்சர். அதைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வெறுங்கையால் அடித்தபடி, பெரிய குரலில் தன் பாஷையில் பாடுவார். பிழையாக ஆடினால் ஏச மாட்டார். விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டுத் தெருவில் போகிற திறீவீல்காரர்கூட எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் பெரிய பானையில் பூசணிக்காய் சூப் கொண்டுவந்தார். அடிமைகளாக இருந்த காலத்தில் அந்தச் சூப்பைத் தங்கள் ஆட்கள் காய்ச்ச மட்டும்தான் முடியும், குடிக்க முடியாது என்றும், விடுதலை கிடைத்த நாளில் நாடே அதைக் காய்ச்சிக் குடித்தது என்றும் கண்ணீரோடு சொன்னார். நாங்கள் கேக் வரும் என்று பார்த்திருந்தோம். வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் பூசணிக்காய் தின்கிற சனத்துக்கு அந்த விடுதலையின் அருமை எப்படி விளங்கும்? ஆனாலும் டீச்சர் முகத்துக்காகக் குடித்தோம்.

ஒக்டோபர் முடிகிற சனிக்கிழமை, தங்கள் ஊரில் மரித்தோர் தினத்தை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று சொன்னார். கொண்டாடுவது என்ற சொல்லிலேயே எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு ஊதாவும் கறுப்பும் உடுத்திக்கொண்டு சேமக்காலைக்குப் போவார்களாம். செத்தவர்கள் குடிக்கக் கோப்பி வார்ப்பார்களாம். மேளம் அடித்து, பகிடி விட்டு, இடுப்பை ஆட்டி ஆடுவார்களாம். "சேமக்காலையிலயா டீச்சர்?" என்று நாங்கள் எல்லோரும் ஒரே வாயாகக் கேட்டோம். வேறெங்கே ஆடுவது, அவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள் என்றார் டீச்சர், அதிலென்ன புதினம் என்பதுபோல. பிறகு, செத்துப்போனவர்களில் உங்களுக்கு விருப்பமான ஒருவரை நினைத்துக்கொண்டு இன்றைக்கு ஆடுங்கள் என்றார். ஒருத்தி அப்பம்மாவை நினைத்தாள். ஒருவன் தன் நாயை நினைத்தான். எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அம்மப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்போது பக்கத்தில் நின்றவள் என் காதுக்குள் சொன்னாள்: "உமக்கு மாமா இருக்கிறார்தானே. அவர் செத்திட்டாரெண்டு எங்கட அம்மா சொன்னவ."

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் வேலை. பைலா என்றால் உயிர். கலியாண வீட்டில் மாமா சேர்ட் கையை மடித்தால் சனம் கதிரைகளை இழுத்து இடம் விடும். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு பின்னேரம், கடைக்குப் போன மாமாவைச் சிலர் வந்து ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் கொழும்பில் அப்படி நடந்தது. போனவர் போனவர்தான். மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்த மாமி எங்களோடேயே இருந்தார். பொலிசுக்குப் போனார், முகாம்களுக்குப் போனார், படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் மற்ற மனுசிகளோடு நின்றார். பூப்போட்ட சீலைதான் உடுப்பார். சோறு போடும்போது மாமாவின் பங்கைச் சட்டிக்குள் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் மாமாவைப் பற்றி "வருவார்" என்று மட்டும்தான் கதைக்கலாம். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். எங்கள் வீட்டில் வெந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் எனக்கு அப்போது யார் சொன்னது? "வருவார், வருவார்" என்று இரண்டு வருடம் கேட்டுக் களைத்துப்போயிருந்தேன். செத்துவிட்டார் என்று கேட்டதும், உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லோருடைய ஆட்களுக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், பூ வைக்கிறார்கள், எங்கள் மாமாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அப்படி ஆடின மனிசனுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை! அன்று வகுப்பில் மாமாவை நினைத்துக்கொண்டுதான் ஆடினேன். டீச்சர் மேளத்தை நிறுத்திவிட்டு எனக்குக் கைதட்டினார். அதோடு எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மரித்தோர் தினத்தன்று மாமி எங்களோடு சேமக்காலை வாசல் வரைக்கும் வந்தார். வாசலில் மெழுகுதிரி விற்பவர்களிடம் பேரம் பேசி வாங்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல வெளியிலேயே நின்றுகொண்டார். மாமிக்குப் பேய்க்குப் பயம் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே அம்மா கல்லறையைக் கழுவிப் பூ வைத்தார். அப்பா காற்றுக்குக் கையை மறைத்துத் திரி கொளுத்தினார். ஃபாதர் இரண்டு கல்லறை தள்ளி நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு திரியை எடுத்து, அம்மப்பாவின் திரியில் கொளுத்தி, கொஞ்சம் தள்ளிக் கல்லில் ஒட்டவைத்தேன். அப்பாவின் பிளாஸ்கைத் திறந்து, மாமாவுக்கு விருப்பமான இஞ்சி போட்ட பிளேன்ரீயைக் கல்லறைக்கு முன்னால் ஊற்றினேன். வாயாலேயே மேளம் அடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினேன்.

முதலில் அம்மாவுக்கு நான் வலிப்பு வந்து துடிக்கிறேன் என்று பட்டிருக்கிறது. "ஐயோ என்ர பிள்ளை!" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குச் சுற்றிவர நின்ற சனமெல்லாம் திரும்பியது. ஃபாதரின் செபம் நின்றது. பக்கத்துக் கல்லறை மனுசி சிலுவை போட்டுக்கொண்டார். நான் நிறுத்தினேனா? இல்லையே. டீச்சர் கைதட்டினதுபோல இவர்களும் தட்டப்போகிறார்கள் என்று இன்னும் நன்றாக முதுகை நெளித்தேன். அப்பா ஓடிவந்து தோளைப் பிடித்து, "என்ன கூத்தடி இது?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நல்ல உரத்துச் சொன்னேன்: "மாமாவுக்கு ஆடுறன். செத்தாக்களுக்கு இண்டைக்கு ஆட வேணுமாம்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். அம்மா கத்தின சத்தத்துக்கு மாமி உள்ளே ஓடி வந்திருந்தார். ஒரு கால் செருப்பு இல்லை.

அடிக்கப்போகிறார் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். மாமி என்னைத் தொடவேயில்லை. குனிந்து, நான் கொளுத்திய திரியை மட்டும் பார்த்தார். பிறகு எரிகிற திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார். வெறும் விரல்! சதை பொசுங்கின மணம் எனக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது. அணைத்த திரியைக் கல்லிலிருந்து பிய்த்தெடுத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார். அம்மா, "மச்சாள், பிள்ளை தெரியாமல்…" என்று பின்னால் ஓடினார்.

அன்றைக்கு வீட்டில் மத்தியானச் சாப்பாடு இல்லை. யார் இதைப் பழக்கினது என்று அப்பா கேட்டார், டீச்சர் என்றேன். பொய்யில்லைத்தானே. அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சிஸ்டரிடம் போனார். சேமக்காலையில் நடந்ததைக் கண்ட தாய்மார் அவருக்கு முந்தியே அங்கே போயிருந்தார்கள். பேயாட்டம் என்றார்கள், செய்வினை என்றார்கள், பூசணிக்காய்ச் சூப்பில் என்ன கலந்ததோ என்றார்கள். வகுப்பு நின்றது. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாக இருந்தது. மாமி தன் அறைக்குள்ளே, விரலில் துணி சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மாமாவின் பங்குச் சோறு ஒதுக்க அன்றைக்கு ஆளில்லை. அம்மா சட்டியைப் பார்த்துப் பார்த்து அழுதார்.

இரண்டொரு நாள் கழித்து, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், கதவைத் தட்டிக்கொண்டு டீச்சர் வந்து நின்றார். மாமி கதவை முழுதாகத் திறக்கவில்லை. டீச்சருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்கு இங்கிலீஷ் காணாது. நடுவில் நான். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற கெட்டிக்காரி! பயம் ஒரு பக்கம் இருந்தாலும், மொழிபெயர்க்கக் கேட்டதும் பெருமையும் வந்துவிட்டது.

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் எல்லாம் சொன்னாவாம். செத்துப்போனவர்களுக்கு ஆடத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னாராம், கொண்டுபோகப்பட்டவர்களுக்கு இல்லையாம். தன் நாட்டிலும் ஒரு காலத்தில் ஆட்களை அப்படிக் கொண்டுபோனார்களாம். தன் அப்பாவை, தான் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது கொண்டுபோனார்களாம். நான் ஒன்றும் விடாமல் கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தேன். மாமி கதவை விரியத் திறந்தார்.

"அவவின்ர அம்மா ஆடினவவோ எண்டு கேள்," என்றார் மாமி.

கேட்டேன். ஊரே ஆடும்போது டீச்சரின் அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாராம். வருடா வருடம் அப்படித்தானாம். தான் செத்துப்போனால் புருசனுக்கென்று ஆட ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்ற பயத்தில், போன வருடம்தான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு போய் முதல் தரம் ஆடினாராம்.

"எத்தினை வருசத்துக்குப் பிறகாம்?"

டீச்சர் மாமியைப் பார்த்து, தன் நெஞ்சில் கையை வைத்து, இங்கிலீஷில் இரண்டு சொல் சொன்னார்.

"அவவின்ர வயசளவாம், மாமி," என்றேன்.

மாமி டீச்சரை நெடுநேரம் பார்த்தார். காதோரத்து நரைமுடியைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கோடுகளைப் பார்த்தார். பிறகு, வைத்தியர் நல்ல செய்தி சொன்னதுபோல, மூச்சை நீளமாக விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்ப எனக்கு இன்னும் காலம் கிடக்கு," என்றார்.

அதை டீச்சருக்கு மொழிபெயர்த்தேன். டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமி அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனார். நான் நடுவில் நின்று ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தேன். அவ்வளவு நீளமான கணக்கைக் கேட்டு ஒருத்தி ஏன் சந்தோசப்படுகிறாள், மற்றவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. எங்கேயோ ஒரு சொல்லைப் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.