மட்டக்குதிரைக்குச் சீனி வருத்தம்

மகள் படிப்பதற்காக நோர்வேயின் இன்னொரு நகரமான துரொண்ட்ஹைமுக்குப் போய்விட்டாள். குதிரை போகவில்லை. சின்ன வயதில் அழுது அடம்பிடித்து வாங்கிய மட்டக்குதிரையை என் தலையில் கட்டிவிட்டு, அவள் அங்கிருந்து தொலைபேசியில் அதை வளர்த்தாள். "அம்மா, காலிலை நாடி பாத்தனீங்களோ? குளம்பு சூடோ?" என்று கேட்பாள். பஸ் ஓட்டுகிற அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருப்பாளா? நானோ காலை வேலை முடிந்த கையோடு, நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்திலிருக்கும் லாயத்துக்குப் போய்ச் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அது பழுப்பு நிறப் பெட்டைக்குதிரை. கட்டையான கால், அகன்ற முதுகு, எந்நேரமும் பசி. காற்றைக் குடித்தாலே கொழுக்கிற இனம் என்று லாயத்தில் பகிடி பண்ணுவார்கள். முந்தின வருட வசந்தத்தில் இளம்புல்லை ஆசை தீர மேய்ந்துவிட்டு, ஒரு காலையில் முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றது. அடுத்த அடி வைக்க மாட்டேனென்று விட்டது. வந்த மிருக வைத்தியர் குளம்பு நோய் என்றார். நம்மவர் சீனி வருத்தம் என்கிற நீரிழிவைப்போல, புல்லில் இருக்கிற சீனி இதன் உடம்புக்கு ஆகாது. அது கூடினால் குளம்புக்குள் அழற்சி வரும். குளம்பையும் உள்ளெலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பிடிமானம் விட்டுப்போகும். நகம் சதையிலிருந்து கழன்று, அந்த விரலிலேயே முழு உடம்பையும் தாங்கி நிற்பதுபோல என்று நான் விளங்கிக்கொண்டேன்.

"இந்த முறை தப்பிவிட்டது. இன்னொரு முறை வந்தால், இதை வைத்திருக்கும்படி நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். அதற்குப் பொருள், ஊசி போட்டுக் கொல்வது. அந்தக் குதிரையில் எனக்கு அவ்வளவு அன்பு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு நான் ஒரு பொல்லாத சமையற்காரியாகிவிட்டேன். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சீனி கரைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, சின்னக் கண் வலையில் அடைத்துத் தொங்கவிடுவேன். மற்றக் குதிரைகள் பச்சைப் பசேலென்று மேய, இது பக்கத்தில் கல் பரப்பிய அடைப்புக்குள் நிற்கும். பிறகு காட்டுப் பாதையில் இழுத்துக்கொண்டு நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையால் உலாவ வருகிறவர்கள் என்னை முறைத்துப் பார்ப்பார்கள். கம்பளித் தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாய் நிற்கிற எனக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில், "பாவம், பட்டினி போடுகினம்" என்று நம்மவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். தீனி போடவேண்டாம் என்று நோர்வேஜிய மொழியில் வேலியில் ஒரு பலகை தொங்கியது. அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இந்த வருடம் மே மாதத்தில் அடைப்புக்குள் வாழைப்பழத் தோல் கிடக்கத் தொடங்கியது. குதிரையின் கழுத்து மேடு இறுகிக்கொண்டு வந்தது. கணுக்காலில் விரலை வைத்தால் நாடி முன்னையிலும் பலமாக இடித்தது; இரண்டும் நோய் திரும்புவதன் அறிகுறி. அக்கம்பக்கத்துச் சிறுவர்களின் வேலை என்று நினைத்து, பிடித்தால் தோலை உரிப்பதென்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முன்னதாக முடிந்து, வழக்கத்துக்கு முந்திப் போனேன். குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே சேலை தெரிய, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வேலியோரம் நின்றார். கையில் எவர்சில்வர்க் கிண்ணம். அதற்குள் அரிசியும் சர்க்கரையும் போட்டுப் பொங்கிய புக்கை, மேலே வாழைப்பழம். என் குதிரை உலகத்தை மறந்து அதில் மூக்கைப் புதைக்கப் பார்த்தது.

"என்ன செய்யிறீங்கள்!" என்று ஓடிப்போய்க் கிண்ணத்தைத் தள்ளினேன்.

அவர் பயப்படவில்லை, மகிழ்ந்துபோனார். "அட, தமிழோ தங்கச்சி? இண்டைக்கு என்ரை மனிசன்ரை திவசம். காகத்துக்கு பல்கனியிலை வைச்சிட்டன். பசுவுக்கு இஞ்சை எங்கை போறது? இதுவும் புல்லுத் தின்னுற வாயில்லாச் சீவன்தானே எண்டு வந்தனான். வெள்ளிக்கிழமையிலை பழமும் குடுக்கிறனான். கோயிலிலை சொன்னன், இப்ப வேறை ஆக்களும் வருகினம்."

என் குதிரை எனக்குத் தெரியாமலே மோர்டென்ஸ்ருட்டின் பசுவாகியிருந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குக் கொதிதான் ஏறியது.

"இது பசுவுமில்லை, ஒண்டுமில்லை! இதுக்குச் சீனி வருத்தம். நீங்கள் குடுக்கிற பழம் நேரை காலுக்குத்தான் போகுது. இன்னொருக்கால் கால் பழுதாப் போனால் ஊசி போட்டுக் கொல்லவேணும். அதையும் போய்க் கோயிலிலை சொல்லுங்கோ!"

அவர் கிண்ணத்தை மெதுவாக மூடினார். "காலுக்கோ?" என்றார்.

"ஓம், காலுக்குத்தான்."

"அவருக்கும் சீனிதான் தங்கச்சி. முதல் பெருவிரலை எடுத்தவை. பிறகு முழங்காலுக்குக் கீழை." சற்று நேரம் குதிரையின் கால்களையே பார்த்தார். "ஒருத்தரும் எங்களுக்கு இப்பிடிக் கத்திச் சொல்லேல்லை. எல்லாரும் பக்குவமாத்தான் சொன்னவை. நாங்களும் பக்குவமாத் தலையாட்டினனாங்கள்."

திவச நாளில் ஒரு மனுசியைப் பிடித்து இந்தப் பாடு படுத்திவிட்டேனே என்று கவலையாயிருந்தது. அவரோ கையுறையைக் கழற்றினார்.

"அப்ப இதுக்கு என்னதான் குடுக்கலாம்?"

வாளியில் ஊறிக்கிடந்த புல்லில் ஒரு பிடி பிழிந்து கொடுத்தேன். கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டினார். குதிரை புக்கைக் கிண்ணத்தை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, புல்லைத் தின்றது. புக்கையை நாங்கள் இருவரும் லாயச் சுவரோடு நின்று சாப்பிட்டோம். நல்ல ருசி. குதிரையைச் சொல்லிக் குற்றமில்லை.

அடுத்த சில நாட்கள் குளிர்ந்த தண்ணீரில் அதன் கால்களை நிறுத்துவதும் நாடி பார்ப்பதுமாக இருந்தேன். மெல்ல மெல்ல நாடி அடங்கியது. நோய் வாசல் வரை வந்து திரும்பிப் போனது.

புக்கை கொண்டுவந்த அக்கா பிறகும் வந்தார், வெறுங்கையோடு. "உந்தப் பலகையை ஆர் வாசிக்கிறது?" என்று என் அறிவிப்பை ஏளனமாகப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து கட்டினார்: 'எனக்குச் சீனி வருத்தம். ஒன்றும் தராதீர்கள்.' அவ்வளவுதான். பழம் வருவது அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாக ஆலோசனை வரத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு சீனி நோயாளி உள்ள சனம் சும்மா போகுமா? "இண்டைக்குச் சீனி எவ்வளவு நிக்குது?" என்று வேலிக்கு வெளியே நின்று விசாரித்தார்கள். பாவற்காய்ச் சாறு கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார்கள். முன்பு பட்டினி போடுகிறேன் என்று திட்டியவர்களே, இப்போது குதிரை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் என்னிடம் கணக்குக் கேட்டார்கள். அக்கா புல் ஊறவைக்கப் பழகினார். வலை கட்டுவதில் என்னிலும் கெட்டிக்காரியானார். நான் கத்துவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கோடை நல்லபடியாகக் கழிந்தது. செப்டெம்பரில் லாடக்காரர் குளம்பு சீவ வந்தார். அன்று அக்காவும் நின்றார். லாடக்காரர் முன்னங்காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துச் சீவினார். பழைய நோயின் தழும்பாகக் குளம்பைச் சுற்றியிருந்த வளையம் வளர்ந்து கீழே வந்திருந்தது. அவருடைய கத்தியில் அதன் மிச்சமும் உதிர்ந்தது. அடிப்பாகத்தைச் சுரண்டி என்னிடம் காட்டினார். இடைவெளி எதுவுமில்லை, எல்லாம் இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, மகள் வந்தால் ஏறி ஓடலாம் என்றார்.

லாடக்காரர் வேகமாகக் கதைத்ததில் அக்காவுக்குப் பாதியும் பிடிபடவில்லை. "என்னவாம்?" என்று என் கையைப் பிடித்து உலுப்பினார்.

"கால் தப்பிட்டுதாம் அக்கா."

அவர் சேலையைச் செருகிக்கொண்டு சாணத்துக்கும் குளம்புச் சீவலுக்கும் நடுவே குந்தினார். லாடக்காரரின் தொடையிலிருந்த அந்தக் காலை, கணுக்காலுக்குக் கீழே, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். குதிரை அசையாமல் நின்றது. லாடக்காரர், அடுத்த காலைப் பார்க்க வேண்டுமே என்பதுபோல என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.