திரையில் மதினியின் அம்பு

தாராவியில் மதினி தோசை மாவு விற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி செம்பூர் திலக் நகருக்கு வந்துவிட்ட என்னிடம், பாக்கெட்டில் ஒட்ட ஒரு லேபிள் செய்து தரச் சொன்னாள். அண்ணன் மனைவி கேட்டு எப்படி மறுப்பது?

அலுவலக வேலைக்காக இலவச டிசைன் தளங்கள் சிலவற்றைப் பழகி வைத்திருந்தேன். ஒரு தளத்தில் புகைப்படத்தை ஏற்றினால் அதிலுள்ள நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும். ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த மழைக்காலப் படமொன்றை ஏற்றினேன். சாம்பல், ஈரப் பச்சை, தார்ப்பாயின் நீலம். அந்த மூன்று நிறங்களையும் பார்த்தபடியே ஒரு மத்தியானம் கரைந்துபோனது.

நான் படித்தது ஹிந்தி மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். லேபிளை அந்த நிறங்களில் முடித்து, அவற்றைப் பிரித்த தளத்தையும் சொல்லி, மதினியும் திறந்து திருத்தும்படி லிங்க் அனுப்பினேன். சற்று நேரத்தில் என் திரையில் ஒரு சிறிய ஆரஞ்சு அம்பு முளைத்தது. மதினி அதே பக்கத்துக்குள் வந்துவிட்டாள். அம்பு மெல்ல மிதந்துபோய் 'தோசை'யின் 'தோ' மேல் நின்றது. போன் அடித்தது.

"ஏட்டி, கொம்பு பின்னால போயிட்டு. நடுவுல அது என்ன, வடை மாதிரி?"

அது புள்ளிகளாலான ஒரு வட்டம். அழகுக்கு வந்தது என்றே நினைத்திருந்தேன்.

"ஆபீஸ்ல காட்டுனேன்னியே, ஒருத்தரும் சொல்லலியா?"

"அங்க யாருக்கு மதினி தமிழ் தெரியும்? நல்லாருக்குன்னாங்க."

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு இலவச எழுத்துருக்கள் கிடைக்கும் தளத்தில், தமிழைச் சிதைக்காத ஒன்றைத் தேடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஏழாவதில் கொம்பு தன் இடத்துக்கு வந்து, வட்டம் மறைந்தது.

வேலை முடிந்தும் மதினி போகவில்லை. ஆரஞ்சு அம்பு வெள்ளைப் பக்கத்தில் சும்மா உலாவிக்கொண்டிருந்தது. நானும் என் அம்பை அதன் பக்கத்தில் நகர்த்தினேன். இருவரும் போனை வைக்கவில்லை. வெளியே மழை, போனுக்குள் அவள் வீட்டுத் தகரத்திலும் அதே மழை.

அடுத்த மாதம் மதினியிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. திறந்தேன். அடை மாவு லேபிள். மிளகாய்ச் சிவப்பும் பருப்பு மஞ்சளும். எங்கும் ஒரு கொம்பும் தவறவில்லை.

"இந்தக் கலர் எங்க பிடிச்சீங்க மதினி?"

"அடைக்கு ஊற வச்சிருந்த பாத்திரத்த போட்டோ எடுத்தேம்ட்டி."

அதில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.