என் தட்டில் இல்லாத உருவம்

கோயிலுக்குப் போகிற தெருவில் என் கடை. விஷக்கடி பட்டவர்கள் நேர்ந்துகொண்டு உண்டியலில் போடும் தகட்டு உருவங்களைத் தட்டில் பரப்பி விற்கிறேன். வருகிறவரிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன கடிச்சிச்சு?" பாம்பென்றால் பாம்பு, தேளென்றால் தேள். கடித்தது எதுவென்றே தெரியாதவரிடமும், "பாம்பையே போடுங்க, எல்லாத்துக்கும் சேரும்" என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிடுவேன். இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் தடுமாறியதே இல்லை.

போன வருஷம் மனைவியோடும் மகளோடும் திருச்செந்தூர் போயிருந்தேன். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. முந்தின நாள் காற்று பலமாக அடித்ததாம், கரையெல்லாம் பாசியும் குப்பையுமாகக் கிடந்தது. அதற்கு நடுவே விரல் நீளம்கூட இல்லாத ஒன்று, நீலமாக. இரண்டு பக்கமும் சின்னக் கைகள் மாதிரி விரிந்து, நுனியில் விரல் விரலாகப் பிரிந்திருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் பட்டுச்சேலையில்கூடப் பார்த்ததில்லை.

நான் குருவிகுளம் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவன். கல்லைப் புரட்டுமுன் குச்சியால் தட்டுவேன், செருப்பை உதறாமல் போடமாட்டேன். எங்கள் பக்கத்து விஷமெல்லாம் கறுப்பும் பழுப்பும்தான். அழகாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட எனக்குப் பழக்கமே இல்லை. குடித்து முடித்த டீ கப்பால் அதைத் தண்ணீரோடு மொண்டேன். "கையை நீட்டு மக்கா" என்றேன். அவள் என்ன ஏது என்று கேட்காமல் நீட்டினாள். கவிழ்த்துவிட்டேன்.

அவள் போட்ட கூச்சலில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. உள்ளங்கை சிவந்து தடித்துக்கொண்டு வந்தது. "என்னத்தக் கொண்டு பிள்ள கையில குடுத்திய?" என்று மனைவி கத்தினாள். கோயிலுக்கு உருவம் போடுவதாக நேர்ந்துகொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதேதான். ஓடில்லாத கடல் நத்தை வகையாம். அதற்குச் சொந்தமாக விஷமே கிடையாதாம், ஜெல்லிமீன் மாதிரி ஒன்றைத் தின்று அதன் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். மல்லாந்துதான் மிதக்குமாம், நான் முதுகென்று வாய்பிளந்து பார்த்தது வயிறாம். "அது கடிக்கல, நீங்க தொட வச்சீங்க" என்றார்.

வலி மறுநாளே போய்விட்டது. ஆனால் அந்தப் பதற்றத்தில் உருவம் போடுவதாக நேர்ந்திருந்தேனே, எந்த உருவத்தைப் போடுவது? கடையில் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நத்தை இல்லை. விஷத்துக்குச் சொந்தக்கார ஜெல்லிமீனும் இல்லை. இருந்தாலும் எதைப் போடுவது, விஷத்தைச் சுமந்ததையா, கொடுத்ததையா? "ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிய, நம்ம பிள்ளைக்கு ஒண்ணு எடுக்கத் தெரியலையா?" என்றாள் மனைவி. பாம்பையே போடு என்று எனக்கு நானே சொல்ல வாய் வரவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் வீட்டில். மகள் என் கையிலிருந்து எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டாள். மிட்டாய் நீட்டினால்கூட, "கீழ வைங்கப்பா, நான் எடுத்துக்கிடுதேன்" என்பாள். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கோபம் என்றால் சமாதானம் செய்திருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளுக்குள் அழுதேன்.

கடைசியில் தட்டிலிருந்து, கை வலிக்காரர்கள் வாங்கும் ஒரு கை உருவத்தை எடுத்துக்கொண்டு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கடிபட்டவர் கையாலேயே போட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லுகிறவன் நான். உண்டியல் முன்னால் அதை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு கைப்பா?"

"உன் கைதான் மக்கா."

"என் கை ஒண்ணும் செய்யலியே. நீட்டத்தானே செஞ்சிச்சு?"

பின்னால் ஆட்கள் நகரச் சொல்லி நெருக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ என் கைதான்" என்றேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "சரி, தாங்க. போட்டுட்டு வாரேன்" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

அதில் வைப்பதற்கு முன், தகட்டை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.