பாயின்ட்டா, எலக்ட்ரானிக்கா

என் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மகன் என்பதால் சின்ன வயசிலிருந்தே வாயில் வந்த சொல் அது. அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் திருத்தணியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, அதுவும் யாரோ ஓட்டிச் சலித்ததை. மலையடிவாரத்து ரோட்டில் அது திரும்பும் சத்தம் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பேன்.

அந்த வண்டிக்கு பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. இஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள், எதிரெதிராக இரண்டு உலோகப் பொட்டுகள். ஒட்டும், பிரியும். பிரிகிற நேரத்தில்தான் பிளக்கில் பொறி வரும். பிரிகிற இடைவெளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி மக்கர் பண்ணும். மாசத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும் என்பார் மெக்கானிக் பாய். பாவாவுக்கு அது வாராவாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் பொட்டுகளைத் தேய்த்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் ஒரு மூலையைக் கிழித்து நடுவில் விட்டு இடைவெளி பார்ப்பார். அளவு பார்க்கத் தகடு விற்கிறது. அவருக்கு அட்டைதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கினால் காபி தளும்பும். அரக்கோணத்தில் டாக்டரிடம் போனோம். பயப்பட ஒன்றுமில்லை, வண்டி ஓட்டலாம், நுணுக்கமான வேலைதான் சிரமம் என்றார். அது சரியாகத்தான் இருந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் கை நிற்கும். ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் ஆடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலுக்கு வந்தபோது அவர் மண்ணில் முட்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பாயின்ட்டைப் பிடித்து வைக்கிற ஸ்க்ரூ விழுந்துவிட்டது. எள்ளுக்குக் கொஞ்சம் பெரிசு. உள்ளே போய், குண்டூசி பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து வந்து மண்மேல் ஓட்டினேன். வந்து ஒட்டிக்கொண்டது. எடுத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பாய் கடைக்குப் போனோம். பாய் எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"அண்ணே, எலக்ட்ரானிக் போட்டுடலாம்," என்றார். "பாயின்ட்டே கிடையாது. ஒருதரம் மாட்டினா அப்புறம் தொடவே வேணாம்."

"நடுரோட்ல நின்னுபோச்சுன்னா? பாயின்ட்னா தேச்சுட்டு வூடு வந்து சேந்துடலாம் பாய்."

"அதுவும் நெஜம்தான். பாயின்ட் போறதுக்கு முன்னாடி இருமிக்கினு சொல்லும். இது சொல்லாது. ஆனா இது போறதே அபூர்வம்ண்ணே."

 பாவா கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். எனக்கு அது தாங்கவில்லை.

"இப்ப வேணாம் பாய்," என்றேன். "பாயின்ட்டே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, அந்த மூடிக்குள் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று.

ஊசியில் நூல் கோக்கிற கைதானே என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக இல்லை. அட்டையை வைத்து அளவு சரியாக இருக்கும். ஸ்க்ரூவை இறுக்கினால் பொட்டு பொருத்திய தகடும் அதோடு சேர்ந்து நகர்ந்துவிடும். மறுபடி தளர்த்தி, மறுபடி வைத்து. அவர் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி இஞ்சினைச் சுற்றுவார். பொட்டுகள் நன்றாகப் பிரிந்த இடத்தில் நிறுத்தச் சொல்வேன்.

"அட்டை உள்ள போவணும், ஆனா லேசா புடிக்கணும்," என்பார்.

"பாபின்ல நூலை இழுத்தா லேசா புடிக்குமே, அப்படியா பாவா?"

"ஆங். அதேதான்மே."

அதற்குப் பிறகு கை பிடிபட்டது. மூன்றாவது வாரம், இரண்டாவது உதையில் வண்டி எழுந்தது.

கல்யாணமாகி முப்பது வருஷம். அவருக்கு ஷிப்ட், எனக்கு மிஷின். ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது வாரம் ஒருமுறை உட்கார்ந்தோம். கை வேலையில் இருந்தால் அவருக்குப் பேச்சு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் நான் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார், "பொண்ணு பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே இதக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு இருந்தேன். உள்ள வர பயமா இருந்துச்சு."

எங்கள் மகளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. அன்று அவர் டூட்டிக்குப் போய்விட்டார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாவா."

"நீதான் பேசவே இல்லியே," என்றார்.

அந்த வருஷம் வேர்க்கடலை அறுவடைக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் நிலத்துக்குப் போய்த் திரும்பும்போது, வண்டி இருமிக்கொண்டே வந்து ரோட்டோரம் நின்றது. பின்னால் வந்த இரண்டு பேர் நிறுத்தி, தள்ளட்டுமா சார் என்று கேட்டார்கள். நான் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகி, மூடியைக் கழற்றினேன். பொட்டு கருகியிருந்தது. தேய்த்தேன். பையிலிருந்த ஜாக்கெட் அளவு நோட்டின் அட்டையைக் கிழித்து இடைவெளி வைத்தேன். வண்டி கிளம்பியது. அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பாவா அவர்களிடம் நிதானமாகச் சொன்னார், "வூட்டுக்காரிதான் எனக்கு மெக்கானிக்." வீடு வரும்வரை அவர் முதுகில் சாய்ந்துகொண்டே வந்தேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல். எனக்குச் சிக்குன்குனியா. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, விரல் மூட்டுகள் விடவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. தைக்க வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியும் அப்போது பார்த்து மக்கர் பண்ணியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிடிவாதமாகப் போய் உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவரைச் சுற்ற விரல் மடங்கவில்லை. பாவா என் கையோடு சேர்த்துப் பிடித்தார். அவர் கை ஆடியது, என் கை மடங்கவில்லை, நாலு கை சேர்ந்து ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது என் கண்ணில் தண்ணீர்.

"வலிக்குதா மே?"

"இல்ல பாவா."

"நீ வலிக்குதுன்னு சொல்லமாட்ட. எனக்குத் தெரியும். எலக்ட்ரானிக் மாட்டிடலாம்."

"உனக்குப் புடிக்காதே."

"உன்னிய இப்படிப் பாக்கறதும் புடிக்கல."

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம்.  பாய் என் விரல்களைப் பார்த்தார், அவ்வளவுதான். பாயின்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் தீப்பெட்டி அளவு கருப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாவா உதைத்தார். முதல் உதையிலேயே எழுந்து, தடுமாறாமல் ஒரே சீராக ஓடியது. பாய்க்குச் சந்தோஷம். எனக்கு அந்தப் பெட்டிமேல் கொஞ்சம் பொறாமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் அவர் துணியை எடுத்துக்கொண்டு வண்டி முன்னால் போய் உட்கார்ந்தார். கழற்ற ஒன்றுமில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் டம்ளரில் பாதி மட்டும் காபி ஊற்றி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காபியைக் குடித்து முடித்து, "செயினுக்கு எண்ணெய் விடலாமா?" என்றார்.

"போன வாரம்தானே பாய் விட்டாரு?"

"விட்டா என்ன, கெட்டா போவும்?"

உள்ளங்கையால் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். அவர் எண்ணெய் விட்டார். பாதி தரையில் சிந்தியது.