இஞ்சி இல்லாத சொதி

தென்காசியில் கால்பந்தை வளர்த்தவர் யார் என்று கேட்டால், மேலகரம் சிவனணைந்தபெருமாள் என்பார்கள். அவருக்குக் கால்பந்து என்றால் உயிர் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது, ஊர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. 1954-க்குப் பிறகு அவர் பந்தைக் காலால் தொட்டதே இல்லை. பந்து, ஒரே ஒரு ஆள் மேல் எறிவதற்காக அவர் கையில் எடுத்து வைத்திருந்த கல்.

அந்த ஆளின் பெயர் வீரபாகு. திருநெல்வேலி டவுன்காரர். இருவரும் வடக்கே ஒரு நகரத்தில், கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய கல்லூரியில் பி.ஏ. படித்தார்கள். விடுதியில் அடுத்தடுத்த கட்டில். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். கத்தோலிக்கப் பையன்கள் பூசைக்குப் போகவேண்டும். மற்றவர்கள் படிப்பு மண்டபத்தில் உட்கார்ந்து படிப்பதுபோலத் தூங்கவேண்டும். மாலையில் மதம் ஒன்றுதான், கால்பந்து. பாதிரியார்களே அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டோரம் நின்று கத்துவார்கள். ஊரும் அப்படித்தான். மாணவனின் பெயர் தெரியாத டீக்கடைக்காரருக்கும் அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பது தெரியும். பெருமாள் வலது ஓரத்தில் ஆடும் ரைட்-அவுட். அவர் டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழும். வீரபாகுவும் ரைட்-அவுட்தான், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரைட்-அவுட்.

கடைசி வருஷம், கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை மணி அடிக்கவில்லை. மணியின் நாக்கில் யாரோ ஒரு காலுறையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விடுதி முழுக்க ஏழு மணிவரை தூங்கிற்று. பூசை வைத்த சாமியாரின் எதிரே வெறும் பெஞ்சுகள். வார்டன் காலுறையை அவிழ்த்துச் சலவைக்குறியைப் பார்த்தார். பெருமாளின் குறி. முந்தின நாள்தான் அதை வீரபாகு இரவல் வாங்கியிருந்தார்.

"உன்னுடையதுதானே?" என்றார் வார்டன்.

"ஆமா, ஃபாதர்."

"கட்டியது யார்?"

பெருமாள் பக்கத்தில் நின்ற வீரபாகுவைப் பார்த்தார். ஒரே ஜில்லாக்காரன், தானாக வாயைத் திறப்பான் என்று காத்திருந்தார். வீரபாகு சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தை, வாழ்நாளில் காட்டாத பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் காட்டிக்கொடுக்கவில்லை. தண்டனையாக அவரை இறுதி ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். அவர் இடத்தில் ஆடிய வீரபாகு போட்ட கோலில் கல்லூரி ஜெயித்தது. அந்த ஒரு கோலைப் பார்த்து ஒரு பஞ்சாலை அவருக்கு வேலை கொடுத்தது; ஆலை அணிக்குக் கேப்டனும் ஆக்கியது. பெருமாள் மூன்றாம் வகுப்பில் தேறி ஊருக்கு வந்து, தென்காசியில் உரக்கடை வைத்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீரபாகு தென்காசி மண்ணில், தென்காசி ஜனங்களின் முன்னால் தோற்கவேண்டும். தோற்கும்போது எதிரே பெருமாள் நிற்கவேண்டும்.

இதற்காக ஒரு கிளப்பை ஆரம்பித்தார். குற்றாலம் சீசனில் ஒரு கோப்பைப் போட்டி ஏற்படுத்தினார். 1958 ஜூலையில் ஆலை அணியை அழைத்தார். ஆலை அணி இறுதி ஆட்டம்வரை வந்தது; கிளப் அணியும் வந்தது. ஆனால் கிளப் பையன்கள் ஜெயிப்பார்கள் என்று அவர்களைப் பெற்றவர்களே நம்பவில்லை. பெருமாளும் நம்பவில்லை. ஆகவே அவர் விருந்தோம்பலை நம்பினார்.

இறுதி ஆட்டத்தன்று காலை, ஆலை அணி முழுவதையும் வேனில் ஏற்றி அருவிக்கு அழைத்துப்போனார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் தாணுவுக்குப் பதினொரு உடம்பு; ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம்.

"அண்ணாச்சி, சாயங்காலம் இவிய பந்தாடணும்லா? இம்புட்டு எண்ணெய் ஊறுனா காலு கட்டையைப் போட்டாப்ல கெடக்குமே" என்றார் தாணு.

"விருந்தாளிவே. குறை வைக்கப்படாது. தொடையில இன்னும் கொஞ்சம் தேயும்."

பிறகு ஒரு மணி நேரம் அருவி. பிறகு மேலகரத்தில் பெருமாள் வீட்டில் சாப்பாடு. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வைப்பதுபோலச் சொதி. முதல் தேங்காய்ப்பால் கெட்டியாக, பாசிப்பருப்பு குழைவாக, உருளைக்கிழங்கு வறுவலோடு. சொதி வைத்தால் இஞ்சிப் பச்சடி வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. சொதியைச் செரிக்கவைப்பது அதுதான். காலையில் பெருமாளின் மனைவி வடிவம்மாள் இஞ்சியைத் தேடினார். இஞ்சி பெருமாளின் கடைக்குப் போய்விட்டிருந்தது.

"இதென்ன கூத்து? இஞ்சி இல்லாமச் சொதி போட்டா, எண்ணெய் தேய்ச்ச மனுசன் இலையை விட்டு எந்திரிப்பானா?"

"எந்திரிக்கப்படாது."

வடிவம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேங்காய் துருவப் போனார்.

பந்தி நடக்கும்போது கிளப் பையன்கள் வாசலில் நின்று வாசனை பிடித்தார்கள். கோல்கீப்பர் நல்லக்கண்ணு பொறுக்கமாட்டாமல் கேட்டான்: "அண்ணாச்சி, எதிராளிக்குச் சொதி, சொந்த டீமுக்குக் கஞ்சியா? நாங்க வேணா அந்தப் பக்கம் சேந்துக்கிடுதோம்."

"போலே. உறைக்க உறைக்கத் துவையல் வச்சிருக்கு, கஞ்சியக் குடி."

வீரபாகு மூன்று தடவை சோறு வாங்கினார். பெருமாளே பரிமாறினார். இரண்டு மணிக்குக் கோடு போடுவதை மேற்பார்வையிட அவர் மைதானத்துக்குக் கிளம்பும்போது வீரபாகு, "நீ முன்னால போ லே, நாங்க வேன்ல வாரோம்" என்று கையசைத்தார்.

மற்றதெல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஆலை அணியின் பின்னாட்டக்காரர் ஒருவர் கோல் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர்கள் கோல்கீப்பர் கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடுவதற்குள் பந்து உள்ளே போனது. இடைவேளைக்குள் மூன்று கோல். தென்காசி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் வீரபாகு மட்டும் வரவில்லை. பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டுத் தலையணை கேட்டாராம்.

எதிரி தோற்கிறான், ஆனால் எதிரியைக் காணோம். பெருமாள் ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மேலகரத்துக்கு மிதித்தார். அவர் போன அவசரத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பயந்துபோனார்கள். வீரபாகு பெருமாளின் கட்டிலில், பெருமாளின் போர்வைக்குள், வாயைத் திறந்து கிடந்தார்.

"எந்திரிலே! உன் டீம் தோக்குது லே! வந்து பாரு!"

"அஞ்சு நிமிசம், ஃபாதர்" என்று புரண்டு படுத்தார் வீரபாகு.

பெருமாள் சொம்புத் தண்ணீரை எடுத்தார். வடிவம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு? சோறு போட்டுத் தூங்க வச்ச ஆளைத் தண்ணி ஊத்தி எழுப்புவாவளா? நாளைக்குத் தெருவுல என்ன பேசுவா?"

நான்கு கோலில் கிளப் ஜெயித்தது. வீரபாகு விளக்கு வைத்தபிறகு எழுந்து, செய்தி கேட்டு, "போகட்டும் லே, இப்படித் தூங்கிப் பத்து வருசம் ஆச்சு" என்றார். ராத்திரிக்குச் சொதி மிச்சம் இருக்கிறதா என்றும் விசாரித்தார்.

அன்றைக்குத்தான் பெருமாளுக்கு உறைத்தது: தூங்குகிறவனைப் பழிவாங்க முடியாது. விழித்திருக்கும் வீரபாகுவைத் தோற்கடிக்கவேண்டும். அதற்கு நிஜமாகவே ஆடத் தெரிந்த ஒரு அணி வேண்டும். வெறுப்புக்கு இவ்வளவு வேலை உண்டென்று அவருக்கு அதுவரை தெரியாது. விடியற்காலையில் பையன்களைப் புலியருவிவரை ஓடவைத்தார். சாரலில் வழுக்கும் தரையில் பந்தை நிறுத்தப் பழக்கினார். கடையத்திலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பையன்களைத் தேடிப் பிடித்தார். வீரபாகு இரண்டு சீசன் வந்து, கஞ்சி குடித்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். பெருமாள் இரண்டு தடவையும் கைகுலுக்கி வழியனுப்பிவிட்டுக் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

1961-இல், நல்ல சாரலில், கடைசி நிமிஷத்தில் விழுந்த ஒரே கோலில் கிளப் ஜெயித்தது. வீரபாகு முழுக்க விழித்திருந்தார். முழங்கால்வரை சேற்றோடு மைதானத்தின் நடுவில் நின்றார். பெருமாள் குடையில்லாமல் அவரிடம் நடந்துபோனார்.

"மணி நாக்கைக் கட்டினது நீதானே?"

வீரபாகு ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "நாந்தாம்லே. இதுக்காகவா இத்தனை வருசமும்?"

"ஏன் அன்னைக்கு வாயைத் திறக்கலை? பயமா?"

"பயமா? உன் ஸ்டாக்கிங்ஸைக் கேட்டு வாங்கினதே அதுக்குத்தானே. குறி இருக்கும்லா? நீ இருக்கங்காட்டியும் நான் பெஞ்சை விட்டு எந்திரிக்க முடியாது. ரெண்டு வருசம் உக்காந்து பாரு, தெரியும்." சேற்றுக் கையை நீட்டினார். "சரி, இன்னைக்கு ஜெயிச்சுட்டே. சரியாப் போச்சுல்லா?"

பெருமாள் கையைக் கொடுக்கவில்லை. ஏழு வருஷமாக அவர் பழிவாங்கிக்கொண்டிருந்தது, பயத்தில் வாயடைத்துப்போன ஒரு கோழையை. அவன் இன்றைக்குத் தோற்றான். இதோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற சூழ்ச்சிக்காரன் மேல் இன்னும் ஒரு துரும்பு விழவில்லை.

"இல்லை" என்றார்.

அடுத்த மே மாதம் போட்டி அழைப்பு ஒப்புகையுடன் கூடிய ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. வீரபாகுவின் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்த அன்று மாலையே பெருமாள் பையன்களை மைதானத்துக்கு வரச்சொன்னார்.

"சீசனுக்கு இன்னும் ஒண்ணரை மாசம் கெடக்கே, அண்ணாச்சி. அதான் போன வருசம் ஜெயிச்சாச்சுல்லா?" என்றான் நல்லக்கண்ணு.

"அது வேற ஆளு. ஓடுலே."